பாடாங்கில் விரித்த சேலைகள்

ஈப்போ சிலிபினில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் எப்போதும் கச்சாங்குக்குத்தான். கடலை, பட்டாணி, ஓமப்பொடி, உடைந்த முறுக்கு என்று அக்கா வறுத்தும் பொரித்தும் ஆறவைத்து, பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறாள். மீதிப் பாதி மேசையில்தான் நாங்கள் சாப்பிடுவோம். நான் அந்த வீட்டுக்கு வந்து போகிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து எந்த வேலையிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பீடோரில் கொய்யா லோரி, சிங்கப்பூரில் கப்பலுக்குச் சாயம் சுரண்டுகிற வேலை, கேமரன் மலையில் முட்டைக்கோஸ் என்று போய்க்கொண்டே இருந்தேன். வேலை தீர்ந்தால் அக்கா வீடு. கால் அரித்தால் அடுத்த பஸ். ஏன் வந்தாய் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை; ஏன் போகிறாய் என்றும் கேட்டதில்லை. நான் வந்தால் உலையில் அரைச் சுண்டு அரிசி கூடும், அவ்வளவுதான்.

அந்தமுறை பாகான் செராயிலிருந்து வந்திருந்தேன். வயலுக்கு மருந்தடிக்கிற டிரோனுக்கு மருந்து கலக்கி ஊற்றும் வேலை. பருவம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அக்கா மகளும் இருந்தாள், லீவில். அவள் ராணுவத்தில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. அவள் அப்பா செம்பனை லோரி கவிழ்ந்து செத்தபோது அவளுக்கு நான்கு வயது. கச்சாங் வறுத்தே அக்கா அவளைப் படிக்கவைத்தாள். ராணுவத்தில் சேர்கிறேன் என்றபோது அக்கா தடுக்கவில்லை. சீருடை போட்டுக்கொண்டு அவள் மார்க்கெட்டுக்கு வந்தால் போதும், அக்காவின் நடையே மாறிவிடும். ஆனால் பாரசூட் பயிற்சிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அக்கா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பாரசூட் என்ற சொல் காதில் விழுந்தாலே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பிள்ளை மற்ற குதிப்புகளை எல்லாம் முடித்துவிட்டாள். ஒன்றுதான் பாக்கி. அதையும் முடித்தால் மார்பில் இறக்கைச் சின்னம் குத்துவார்கள். முடிக்காவிட்டால் அடுத்த வகுப்பு எப்போது வருமோ, அதில் இவளுக்கு இடம் கிடைக்குமோ தெரியாது. அந்தக் கடைசிக் குதிப்பு எங்கே என்பதை அன்று சாயங்காலம்தான் சொன்னாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

"நீங்களும் மாமாவும் பொறந்த எஸ்டேட்டுலதாம்மா."

அக்கா கரண்டியை எண்ணெய்ச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"அங்க குட்டை இருக்கேடி."

எங்கள் எஸ்டேட்டில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். வீடு கட்டப்போவதாகச் சொல்லிச் செம்பனையையும் சாய்த்தார்கள். வீடு வரவில்லை. நாங்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எல்லாம் சேர்ந்து ஒரே வெட்டவெளியாகிவிட்டது. மிஞ்சியவை இரண்டே: ஓரத்தில் அம்மன் கோயில், அதற்குப் பக்கத்தில் பழைய ஈயக்குட்டை. ஈயம் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம் அது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை விழுங்கியது. அதில் ஒருத்தி அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

"காத்து அடிச்சா குட்டையில போயி விழமாட்டியா? முதுகுல அவ்ளோ சாமான கட்டிக்கிட்டு?"

பிள்ளை முறத்திலிருந்து ஒரு கைப்பிடி கடலையை அள்ளி மேசைக்கு வந்தாள். ஒரு முறுக்கை வைத்து, இதுதான் குட்டை என்றாள். தண்ணீர்க் குவளை கோயில். அதற்கு அப்புறம் மேசையின் நீளம் முழுக்கப் பாடாங், அதாவது மைதானம். பத்துக் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, கையை மேசைக்கு மேலே ஓட்டியபடி ஒவ்வொன்றாக விட்டாள். கடலைகள் வரிசையாக விழுந்தன.

விமானம் நிற்காதும்மா என்று ஆரம்பித்தாள். ஒரு வினாடிக்கு ஓர் ஆள் வெளியேறுவார். அந்த ஒரு வினாடியில் விமானம் அறுபது, அறுபத்தைந்து மீட்டர் போய்விடும். பத்துப் பேர் குதித்தால் பாடாங் எவ்வளவு நீளம் வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பத்தால் பெருக்கினேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே அடுப்படியிலிருந்து, பத்து ஆளுக்கு நடுவில் ஒன்பது சந்துதானே என்றாள். பிள்ளை சிரித்துவிட்டாள். ஒன்பது சந்துக்குக் கிட்டத்தட்ட அறுநூறு மீட்டர். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் உபரி இடம். அதற்குக் குறைந்தால் இத்தனை பேரை ஒரே ஓட்டத்தில் இறக்கமாட்டார்கள்.

"எல்லாரும் கையப் புடிச்சிக்கிட்டு ஒண்ணா குதிச்சா என்ன?" என்றாள் அக்கா.

"பாசார் மாலாமுல சாமான் வாங்கவா போறோம், கையப் புடிச்சிக்கிட்டு?"

அக்கா வாய்க்குள் சிரித்தாள். சட்டியை இறக்கிவைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அதுவே பெரிய காரியம்.

இனி எங்கே விடுவது என்ற கணக்கு. இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்றாள் பிள்ளை. விமானம் ஆளை முன்னால் தள்ளும். காற்று பின்னால் இழுக்கும். முன்னால் தள்ளுவது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பீடோரில் லோரி முழுசாக நிற்பதற்குள் குதித்துக் குதித்துப் பழகியவன் நான். குதித்த இடத்தில் எவனும் நிற்கமுடியாது, லோரி போன பக்கமே நாலு எட்டு ஓடித்தான் ஆகவேண்டும். விமானத்திலிருந்து குதிப்பவரும் இருநூறு மீட்டருக்கு மேல் அப்படி ஓடுகிறார், ஆகாயத்தில். பிறகு குடை விரிந்ததும் காற்றின் முறை. அதற்கு ஒரு பெருக்கல் இருக்கிறது. மூன்று, குதிக்கிற உயரம் எத்தனை நூறு அடியோ அது, காற்று மணிக்கு எத்தனை கடல் மைலோ அது. மூன்றையும் பெருக்கினால் காற்று எத்தனை மீட்டர் இழுத்துக்கொண்டு போகும் என்று வந்துவிடும்.

"ஆயிரம் அடின்னா பத்து. காத்து ஆறுன்னு வைங்க. மூணு, பத்து, ஆறு. நூத்தியெம்பது மீட்டரு. அத முன்னாலேயே கழிச்சிட்டுத்தாம்மா விடுவாங்க. குட்டை எங்கயோ இருக்கும், நான் எங்கயோ இருப்பேன்."

"உயரம் தெரியுது, காத்து தெரியுது. அந்த மூணு யாரு?"

அது குடையோட எண்மா, எல்லாக் குடைக்கும் ஒன்று உண்டு என்றாள். அக்காவுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவள் ஒரு கடலையை எடுத்து, முறுக்கிலிருந்து தள்ளி, மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள். வைத்துவிட்டு, நீ எத்தனையாவது ஆள் என்று கேட்டாள். முதல் ஆள், அதாவது குட்டைக்கு மிகப் பக்கத்தில் இறங்குகிறவள் என்று பதில் வந்தது. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுவாரம் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. நான் தேடிப்போகவில்லை. பாடாங்கில் புல் வெட்டவும் மரக்கட்டைகளை அகற்றவும் ஒரு காண்ட்ராக்டர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. அதை வெட்டி வெட்டி, எங்கள் பழைய லயத்து வாசலையெல்லாம் கடந்து, கோயில் சுவர்வரை வழித்துவிட்டேன். பாடாங்கின் எல்லை கோயிலுக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனாலும் வெட்டுகிறவனுக்கு ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் கண்ணை உறுத்தும்.

குதிப்பு வெள்ளிக்கிழமை நடந்திருக்கவேண்டும். மழை விடவில்லை. சனிக்கிழமையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மனுக்குத் திருவிழா.

எஸ்டேட் கலைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒருநாள் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எல்லாரும் வந்துவிடுவார்கள். தரையில் பொறுப்பாக இருந்த ராணுவ சார்ஜண்ட், மலாய்க்காரர், நல்ல மனிதர். என்னையே அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் கோயில் தலைவரைப் பார்த்துப் பேசினார். பட்டம் விடக்கூடாது, வாணம் கூடாது, டிரோன் கூடாது, விமானம் போகும்வரை பொங்கல் அடுப்பு மூட்டக்கூடாது, புகை என்றால் மேலே இருப்பவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். தலைவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். சொன்னபடியே நடந்தும் கொண்டார்கள். சேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. யாருக்குத் தோன்றும்?

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பால்குடம் எடுக்கிற பெண்கள் தங்கள் சேலையை அன்று காலையில் குங்குமம் கலந்த மஞ்சள் தண்ணீரில் முக்கி, தரையில் விரித்துக் காயவைப்பார்கள். கொடியில் போடக்கூடாது, தரையில்தான். இரண்டு வரிசை, நடுவில் கரகம் நடந்துவர வழி. அம்மனுக்குச் சாத்துகிற சேலையை அந்த வழியின் நடுவில் குறுக்கே விரிப்பார்கள், அதன் இரண்டு முனையும் இரண்டு வரிசையையும் தொட. கரகம் வந்து அந்தச் சேலைக்கு முன்னால் நின்ற பிறகுதான் யாரும் எதையும் எடுக்கலாம். முன்பெல்லாம் கோயிலுக்குப் பின்னால், மேடும் பள்ளமுமான இடத்தில், கோணல்மாணலாக விரிப்பார்கள். இந்த வருடம் சேலைப் பொறுப்பு அக்காவுக்கு. காலையில் வந்து பார்த்திருக்கிறாள். கோயிலுக்கு முன்னால் தம்பி வழித்துவிட்ட தரை, பாய் விரித்த மாதிரி. அங்கேயே விரிக்கலாம் என்றுவிட்டாள். வரிசை நூல் பிடித்ததுபோல் வந்ததாம்.

நான் அந்த நேரத்தில் பாடாங்கின் உள்ளே சார்ஜண்டோடு இருந்தேன். அவர்கள் ஒரு சிவப்பு பலூனைப் பறக்கவிட்டு அது சாய்கிற சாய்வைப் பார்த்துக் காற்றை அளந்தார்கள். காற்று பாடாங்கிலிருந்து கோயில் பக்கம் அடித்தது. விமானம் கோயில் பக்கமிருந்து காற்றை எதிர்த்து வரும். சார்ஜண்ட் கணக்குப் போட்டு இடத்தைக் காட்ட, நாங்கள் அங்கே ஆரஞ்சுத் துணிகளைத் தரையில் விரித்து முளையடித்தோம். இரண்டு வரிசை, நடுவில் ஒரு குறுக்கு. மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில எச். அதற்கு நேராக வந்ததும் விமானத்தில் பச்சை விளக்கு. முதல் ஆள் வெளியே.

விமானம் வந்தது. தாழ்வாக, கதவு திறந்து. கோயிலைத் தாண்டியது. எங்கள் தலைக்கு மேலே போனது. யாரும் குதிக்கவில்லை.

சார்ஜண்டின் வானொலி கரகரத்தது. கேட்டுவிட்டு அவர் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில் சொன்னார்: மேலேயிருந்து இரண்டு எச் தெரிகிறதாம், அண்ணே. ஒன்று நம்முடையது. இன்னொன்று முந்நூறு மீட்டர் முன்னால் இருக்கிறது, நம்முடையதைவிடப் பெரிதாக. எதை நம்புவது என்று தெரியாததால் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூறு மீட்டர் முன்னால் என்றால் கோயில். மஞ்சளும் குங்குமமும் கலந்து முக்கிய சேலை ஆரஞ்சாகத்தான் இருக்கும். அந்த எழுத்தை நம்பி விட்டிருந்தால் முதல் ஆள் முந்நூறு மீட்டர் முன்னதாகவே இறங்கியிருப்பாள். அங்கே இருப்பது குட்டை. மேசையில் முறுக்கு இருந்த இடம் கண்ணுக்குள் வந்துபோனது.

சேலை என்று சார்ஜண்டிடம் சொன்னேன். அவர் என்னை அனுப்பினார். விமானம் இன்னும் ஒரே ஒரு சுற்று வரும், காற்று ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்குள் தரை சுத்தமாக இல்லாவிட்டால் இன்றைக்கு ரத்து என்றார். யாருடையதோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

பெண்கள் கோயில் நிழலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் விமானம் போன திக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். தலைவர் கையை ஆட்டினார். கரகம் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்றார்.

"கரகம் வராம சேலையத் தொடக்கூடாது தம்பி. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். வேற எதக் கேட்டாலும் செய்றேன்லா, இது சூசா, முடியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"எடுக்கலன்னா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குதிக்கமாட்டாங்க. அப்படியே திரும்பிப் போயிருவாங்க. பிள்ளை பத்திரமா வீட்டுக்கு வந்துரும். சின்னம் கிடைக்காது."

அக்கா எதையும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். வழக்கம் அவள் பக்கம், தலைவர் அவள் பக்கம், அம்மனே அவள் பக்கம். அவள் மகளிடம்கூட யாரும் அவளைக் குறை சொல்லமுடியாது. தூரத்தில் விமானம் மலையோரமாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. அக்கா குட்டையைப் பார்த்தாள். பிறகு பாடாங்கைப் பார்த்தாள்.

"நம்ம எழுத்த எடுத்துட்டா, சரியான எடத்துலதான விடுவாங்க?"

"சரியான எடத்துலதான்."

"கணக்கு சரியா போட்டாங்களா? நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். பலூனைப் பார்த்தேன், துணி விரித்ததைப் பார்த்தேன்; அதைத்தான் சொன்னேன்.

அவள் நேராகப் போய், எல்லாருக்கும் முன்னால், நடுவில் கிடந்த அம்மன் சேலையைக் குனிந்து எடுத்தாள். பெண்கள் பூவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேண்ணே. அவங்களும் பிள்ள பெத்தவங்கதான்."

அக்கா அந்த ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சேலைக்கு ஓடினாள். மற்றப் பெண்களும் இறங்கினார்கள். தலைவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சேலையின் முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார். சத்தம் நெருங்கியபோது தரையில் ஒரு துணி இல்லை. மஞ்சள் ஈரம் மட்டும் புல்லில் கோடு கோடாகத் தெரிந்தது. அது மேலே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். தெரியவுமில்லை.

விமானம் எங்களைக் கடந்தது. இந்தமுறை அக்கா திரும்பி நின்றாள். கை நிறைய ஈரச் சேலைகள். மஞ்சள் தண்ணீர் அவள் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கதவிலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது. முன்னால் தள்ளப்பட்டுக் கொஞ்சம் போனது. குடை விரிந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது, அடுத்தது, சந்து விட்டு. அக்கா மற்றவர்களைப் பார்க்கவில்லை. முதல் குடை காற்றில் எங்கள் பக்கமாக வர ஆரம்பித்தது. அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"வருதுடா. இந்தப் பக்கம் வருது."

"வரும்க்கா. நூத்தியெம்பது வரும். அதோட நின்னுரும்."

அன்றைக்குக் காற்று ஆறு இல்லை, அதைவிடக் கூட. அதை நான் சொல்லவில்லை. சார்ஜண்ட் அதற்கும் சேர்த்துத்தான் கழித்திருந்தார். குடை வந்துகொண்டே இருந்தது, தாழ்ந்துகொண்டே இருந்தது. பழைய பெரட்டுக் களம் இருந்த இடத்துக்குச் சற்று அப்பால், குட்டைக்கு வெகுதூரம் முன்னாலேயே, மண்ணில் சாய்ந்து படுத்தது. ஒரு சின்ன உருவம் எழுந்து, துணியைச் சுருட்ட ஆரம்பித்தது. அக்கா என் சட்டையை விட்டாள். அங்கே ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

பிள்ளை கோயிலுக்கு வந்தபோது கரகம் வந்து சேர்ந்திருக்கவில்லை. முட்டியெல்லாம் செம்மண். தலைவர் அவளுக்கு ஒரு கிளாஸ் மோர் கொடுத்து, அடுத்த வருடம் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் திருவிழா வைக்கப்போகிறோம் என்றார். அக்கா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. சேலை காயவில்லை, வா, ஒரு முனையைப் பிடி என்றாள். கோயிலுக்குப் பின்னால், பழைய மேடும் பள்ளமுமான இடத்தில், அம்மாவும் மகளும் எதிரெதிராக நின்று அம்மன் சேலையை உதறி விரித்தார்கள். அந்த நேரம் காற்று பலமாக ஒருதரம் அடித்தது. சேலை நடுவில் புடைத்துக்கொண்டு மேலே எழுந்தது. அக்கா இரண்டு எட்டு இழுபட்டாள்.

"என்னடி இந்த இழு இழுக்குது?"

"அதான்மா அந்த மூணு."

அக்கா முனையை விடவில்லை. காற்று தணிகிறவரை பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு இருவருமாகச் சேலையைத் தரையில் இறக்கி, நான்கு மூலைக்கும் கல் வைத்தார்கள்.